ஜெபத்துக்கு எந்தத் தமிழ் வேதாகமம்? திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு மதிப்பீடு

வேதாகமம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விசயங்களைத்தான் கேட்பார்கள்: எழுத்துப் பெரிதா, சிப் வைத்த உறையா, விலை என்ன. திடப்படுத்தலுக்கோ கல்யாணத்துக்கோ பரிசாகக் கொடுப்பதற்கு அது போதும். ஞாயிறு ஆராதனையோடு நிற்காமல், தினமும் அரை மணித்தியாலம் தேவனோடு உட்கார வேண்டும் என்று மனம் தவிக்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்தப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இருபது நிமிடம் தங்கியிருக்க முடியுமா? கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்தே செய்யப்பட்டது. பிரசங்கம் ஆயத்தம் பண்ணவும் ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கவும் எது நல்லது என்று கேட்டால் முடிவு மாறும்.

திருகோணமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருப்பது இங்கே புதுமையில்லை. மாமி கையில் ஒரு மொழிபெயர்ப்பு, மருமகள் கையில் இன்னொன்று. ஒருவர் "சங்கீதம்" என்று தேட, மற்றவர் "திருப்பாடல்கள்" என்று தேடுவார். ஒருவருக்கு அது ஆதியாகமம், மற்றவருக்குத் தொடக்க நூல். குடும்ப ஜெபம் தொடங்குமுன்னே பக்கம் தேடுவதில் ஐந்து நிமிடம் போய்விடும். ஆகவே எந்தப் பதிப்பு வாங்கினாலும் அதன் முதல் பக்கத்தில் புத்தகங்களின் இரண்டு பெயர்களையும் பென்சிலால் எழுதி ஒட்டிவிடுங்கள். யாத்திராகமம் – விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் – திருத்தூதர் பணிகள், வெளிப்படுத்தின விசேஷம் – திருவெளிப்பாடு என்று ஒரு சின்னப் பட்டியல் போதும்.

பழைய மொழிபெயர்ப்பு

மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் கையில் இருப்பது இதுதான். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளிவந்தது. அதற்கு முன்னே 1850இல் பீற்றர் பேர்சிவல் கொண்டுவந்த மொழிபெயர்ப்பில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் உழைத்திருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை, பவரின் திருத்தமே நிலைத்தது. ஒன்றரை நூற்றாண்டாக அப்பம்மாமாரின் வாயில் ஊறிப்போன மொழி அது.

ஜெபத்துக்கு இதன் பெரும் பலம் ஓசை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்ற வரி இரண்டு தடவை சத்தமாக வாசித்தால் மனதில் நின்றுவிடும். மனதில் நின்ற வரிதான் அடுப்படியிலும் பஸ்ஸிலும் திரும்பி வந்து ஜெபமாகும். சங்கீதங்களுக்கும் ஏசாயா 40 முதல் 55 வரைக்கும் யோவான் சுவிசேஷத்துக்கும் இதை விஞ்ச இன்னும் தமிழில் ஒன்றும் வரவில்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

துக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வோம். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை தேவனிடம் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட ஊரில், தேவனிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்ட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த முறைப்பாடு வேதத்துக்குள்ளேயே ஜெபமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் கனத்த நடை அந்த அழுகையைத் தாங்குகிறது.

பலவீனம் பவுலின் நிருபங்களில் தெரியும். எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். தமிழிலும் அந்த நீளம் முழுக்க விடவில்லை. வினையெச்சம் வினையெச்சமாக இழுத்துக்கொண்டு போய், எழுவாய் எது என்று தேடுவதற்குள் ஜெபம் கலைந்துவிடும். சொற்கள் புணர்ந்து நீண்டு கிடப்பதால் இளம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார்கள். பழைய அச்சுகளில் ணை, லை, றா போன்றவை எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருப்பதும் அவர்களைத் தடுக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து, கடையிலேயே ஐந்து வசனம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்துக்கு மேல் தடக்கினால் அந்த அச்சு வேண்டாம்.

திருவிவிலியம்

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்தது என்பதால் கலப்புக் குடும்பங்களுக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைப்போம். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லாத சீராக், சாலமோனின் ஞானம், தோபித்து எல்லாம் உள்ளே. சீராக்கின் இரண்டாம் அதிகாரத்தை ஜெபிக்கத் தொடங்குகிற ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே வாசிக்க வேண்டும். ஆண்டவரைத் தேடப் புறப்படுகிறவனுக்குச் சோதனை வரும், ஆயத்தமாக இரு என்று நேரடியாகச் சொல்லுகிறது. மெதடிஸ்த நண்பர்களும் அதை ஒரு நல்ல ஆலோசனையாக வாசிக்கலாம், தடையில்லை.

கவிதைப் பகுதிகள் கவிதையாகவே அடி பிரித்து அச்சிடப்பட்டிருப்பது ஜெபத்துக்குப் பெரிய உதவி. அடிக்கு அடி மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு. யாருக்கு, ஏன் எழுதப்பட்டது என்று ஒரு பக்கத்தில் தெரிந்துகொள்ளலாம். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்ற நடை இன்றைய காதுக்கு உடனே விளங்கும்.

குறை என்று சொன்னால், தலைப்புகள். பத்து வசனத்துக்கு ஒரு தலைப்பு நிற்கும்போது, வசனத்தை வாசிக்குமுன்பே அதன் கருத்தை யாரோ சொல்லிவிடுகிறார்கள். காணாமற்போன மகன் என்று மேலே கண்டவுடன், கதையில் நிற்கிற மூத்த மகனை நாங்கள் பார்க்காமலே போய்விடுகிறோம். உங்களோடு ஒருவேளை அந்த மூத்த மகன் வழியாகத்தான் தேவன் கதைக்க விரும்பியிருக்கலாம். ஒரு வெற்றுத் தாள் துண்டால் தலைப்பை மறைத்து வாசிக்கப் பழகுங்கள். அடிக்குறிப்புகளை ஜெபம் முடிந்த பின்னர் பார்க்கலாம். புத்தகம் பாரமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைவலி உள்ள முதியவர்களுக்கு மடியில் வைக்கிற சின்னத் தலையணை வேண்டிவரும்.

எளிய மொழிப் பதிப்பு

"எளிதில் வாசிக்கும் பதிப்பு" என்ற பெயரில் வருவது. குறுகிய வாக்கியங்கள், அன்றாடச் சொற்கள். மேலே சொன்ன எபேசியர் முதலாம் அதிகாரம் இதில் பல சின்ன வாக்கியங்களாக உடைந்து கிடக்கும், முதல் தடவையே விளங்கும். ரோமர், கலாத்தியர், எபிரெயர் போன்றவற்றுக்கு இதைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ஆனால் இதை ஒரே புத்தகமாக வைத்து ஜெபிக்கச் சொல்லமாட்டோம். சங்கீதங்களில் உருவகத்தை அவிழ்த்து விளக்கமாக்கிவிடும் இடங்கள் உண்டு. விளக்கம் கிடைத்த இடத்தில் மனம் வேலையை நிறுத்திவிடும்.

கைப்பை அளவிலுள்ள புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் அடங்கிய பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஏற்றது. எழுத்து மிகவும் சிறியது என்பதால் நாற்பதைக் கடந்தவர்கள் வெளிச்சத்தில் பரிசோதித்த பிறகே வாங்கவும்.

தொலைபேசிச் செயலி

யூவேர்ஷன் இலவசம், விளம்பரம் இல்லை, தமிழில் பல பதிப்புகள். ஒரே வசனத்தை இரண்டு மொழிபெயர்ப்பில் ஒப்பிட இதைவிட வசதி வேறில்லை. கண் தெரியாதவர்களுக்கும் தையல் வேலை செய்கிறவர்களுக்கும் ஒலி வடிவம் பெரிய கொடை. ஆனால் ஜெப நேரத்துக்கு நாங்கள் இதைச் சிபாரிசு செய்வதில்லை. வசனத்தின் மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும். அதைத் திறக்காவிட்டாலும் யார் அனுப்பினார் என்ற யோசனை போதும், தேவனோடு கதைத்தது அறுந்துவிடும். "தொடர்ச்சியாக இத்தனை நாள் வாசித்தீர்கள்" என்ற கணக்கும் கெடுதலே: எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக இரவு பதினொன்றரைக்கு ஓர் அதிகாரத்தைத் தட்டிவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசிதான் ஒரே வழி என்றால் விமானப் பயன்முறையில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டிய பகுதியை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது, வாங்கிய பின்

உப்புக்காற்று, ஈரலிப்பு, வெக்கை மூன்றும் சேர்ந்த ஊர் இது. பளபளப்பான செயற்கைத் தோல் உறைகள் பெரும்பாலும் பொலியூரித்தேன் பூச்சுள்ளவை. ஈரலிப்பில் அந்தப் பூச்சு இரசாயன ரீதியாகச் சிதைந்து, சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்து கையில் ஒட்டும். கெட்டி அட்டையும் துணி முதுகும் உள்ளது நீடித்து உழைக்கும். சிப் வைத்த உறை கட்டாயம் வேண்டுமென்றால் நைலோன் சிப் பாருங்கள், உலோகச் சிப் துருப்பிடித்து இறுகிவிடும்.

கட்டு தைத்ததா, பசையால் மட்டும் ஒட்டியதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புத்தகத்தை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, ஒரு கட்டின் நடுவே நூல் தெரிந்தால் தைத்தது. பசை மட்டுமே உள்ளது பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்து, அடிக்கடி திறக்கிற சங்கீதப் பகுதியிலிருந்து தாள் கழரத் தொடங்கும். புதுப் புத்தகத்தை முதலில் நடுவில் விரித்து அமுக்க வேண்டாம். முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாறி மாறி மெல்ல அழுத்தி நடுப்பகுதிக்கு வாருங்கள்.

மெல்லிய தாள் என்பதால் ஜெல் பேனை மறுபக்கம் ஊறும். எச்பி பென்சில் போதும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்புகள் பகலில் அழகு, விடியற்காலை மங்கலான பல்பின் கீழ் சிவப்பு எழுத்து கண்ணை இழுக்கும். அந்த நேரத்தில் வாசிப்பவர்கள் கறுப்பு அச்சை எடுக்கவும்.

மாரி காலத்தில் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டமான தட்டில் நிறுத்தி வையுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் சுருங்கி நெளியும். இருபது பக்கத்துக்கு ஒரு மென்தாள் செருகி, மின்விசிறியின் கீழ் நிமிர்த்தி வைத்து, தாள்களை மாற்றிக்கொண்டே இருங்கள். உண்மையில் தினமும் திறக்கப்படும் வேதாகமத்தில் பூஞ்சணம் ஏறுவது அரிது.

எப்படிப் பாவிப்பது

நல்ல பதிப்பு வாங்கியும் பலர் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவதற்குக் காரணம், எடுத்துக்கொண்ட அளவு. பழைய வருட இரவு ஆராதனையில் தீர்மானம் செய்து, ஜனவரி முதலாம் திகதி ஆதியாகமத்தில் தொடங்குகிறார்கள். 66 நூல்களில் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்கு வந்துவிடுவீர்கள். தினம் இருபது நிமிடம் வாசிப்பிலேயே போவதால் ஜெபிக்க நேரம் மிஞ்சியிருக்காது, இப்போது பலி முறைகளின் விவரமும் சேர்ந்துகொள்ளும். பெப்ரவரியில் புத்தகம் மேசையில் ஏறிவிடும். முழு வேதாகமத்தையும் வாசிப்பது அவசியம்தான். அதை வேறொரு நேரத்தில் வாசியுங்கள், ஜெப நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஜெபத்துக்கு மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஏறக்குறைய பதினைந்து வசனம் என்றால் ஒன்றரை மாதம். அடுத்து பிலிப்பியர், நான்கே அதிகாரம், நாளுக்கு ஏழெட்டு வசனம் என்றால் இரண்டு வாரம். அதன் பிறகு சங்கீதங்கள், நாளுக்கு ஒன்று. 119ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டெட்டு வசனமாக அதன் 22 பகுதிகளாகப் பிரித்தால் மொத்தம் 171 நாள்.

நேரம் முப்பது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் வாசிக்காதீர்கள். முதுகை நேராக்கி உட்கார்ந்து, தேவன் இங்கே இருக்கிறார் என்பதை மனதுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு பகுதியை வாய்விட்டு மெதுவாக ஒரு தடவை, இன்னும் மெதுவாக இரண்டாம் தடவை. ஏதாவது ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள், மிச்சத்தை வாசித்து முடிக்க வேண்டும் என்ற கடமை இல்லை. அந்தச் சொல்லை எட்டுப் பத்து நிமிடம் மனதில் திருப்பிப் பாருங்கள். பின்னர் அதைப் பற்றி அவரிடமே கதையுங்கள், உங்கள் வீட்டுத் தமிழில். பிள்ளையின் பரீட்சை, கடன், கோபம் எல்லாம் இங்கே வரலாம். கடைசி ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவிகள் வகுத்த வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமர்ந்திருத்தல் என்ற நான்கு படிகளும் இவைதான். எழும்புமுன் கொப்பியில் ஒரு வரி, திகதியோடு. ஒரு வரிக்கு மேல் எழுதினால் அது பிரசங்கக் குறிப்பாகிவிடும்.

எங்கே பிழை வருகிறது என்றால், பெரும்பாலும் பிரசங்கிமார், செபக்குழுத் தலைவர்கள் பக்கம். வசனம் வாசித்தவுடன் அதை யாருக்குச் சொல்லலாம் என்று மனம் ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்டவுடனே வசனத்தில் வரும் "நீ" என்ற இடத்தில் உங்கள் பெயரை வைத்து மறுபடி வாசியுங்கள். தூக்கம் வந்தால் எழும்பி நின்று வாசிக்கலாம். தூக்கம் தினமும் வந்தால் நேரம் பிழை. இரவு வலை போட்டுவிட்டு விடியக் கரைக்கு வருகிறவருக்கு ஐந்து மணி ஜெபம் சரிவராது, அவர் நித்திரை கொண்டு எழும்பிய பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

புத்தகத்தை மூடிக் கண்ணை மூடித் திறந்த இடத்தில் விரல் வைத்து இன்றைய வார்த்தை என்று எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதுவருட வாக்குத்தத்த அட்டைக்கும் ஒரு வேண்டுகோள்: அட்டையோடு நிற்காமல் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எரேமியா 29:11 பலரின் சுவரில் தொங்குகிறது. அதற்கு முந்திய வசனம் எழுபது வருடம் என்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதிய கடிதத்தின் நடுவே வருகிற வசனம் அது. இடம்பெயர்ந்து பல வருடம் காத்திருந்தவர்களுக்கு இந்த முழுக் கடிதம் தருகிற பலத்தை அந்த ஒற்றை வசனம் தராது.

வறட்சி வரும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் எல்லோருக்கும் வரும். ஒரு வசனமும் பேசாது. இந்த நேரத்தில்தான் மொழிபெயர்ப்பை மாற்றுவார்கள், புதுத் திட்டம் தேடுவார்கள், நேரத்தைக் குறைப்பார்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த ஆலோசனை நேர் எதிரானது: வறட்சியில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இரு. முப்பது நிமிடம் என்றால் முப்பத்திரண்டு. அதே புத்தகம், அதே கதிரை. ஒன்றும் உணராமல் இருந்துவிட்டு எழும்பினாலும் அது வீணான நேரமில்லை என்பதைத் துணிந்து சொல்வோம். தேவனிடமிருந்து கிடைக்கும் சுகத்துக்காக வந்தோமா, தேவனுக்காக வந்தோமா என்பது அங்கேதான் தெளிகிறது. ஆனால் வறட்சியோடு நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, உயிரை விடும் எண்ணம் சேர்ந்தால் அதை ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். போதகரோ சுவாமியோ கூடவே வரட்டும்.

யாருக்கு எது

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், சீர்திருத்த சபையைச் சேர்ந்தவருக்குத் தைத்த கட்டுள்ள பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கருக்கும் கலப்புக் குடும்பத்துக்கும் திருவிவிலியம். இரண்டு வாங்க முடிந்தால், எளிய மொழியில் புதிய ஏற்பாடு மட்டும் இரண்டாவதாக. முழு வேதாகமத்தில் இரண்டாம் பிரதி வாங்கப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. 1812இல் தொடங்கிய இலங்கை வேதாகமச் சங்கத்தின் பதிப்புகளைச் சபையினூடாகச் சேர்த்து எடுப்பித்தால் போக்குவரத்துச் செலவு பகிர்ந்துவிடும். எடுப்பிக்கும்போது எழுத்தின் அளவையும் கட்டின் வகையையும் எழுதிக் கொடுங்கள், "பெரிய எழுத்து" என்று மட்டும் சொன்னால் போதாது.

வீட்டில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால் குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம், ஓசை மோதும். ஒருவர் தன் பதிப்பில் வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கட்டும். ஒரு நிமிடம் கழித்து மற்றவர் தன் பதிப்பில் அதே பகுதியை வாசிக்கட்டும். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால் இரண்டாம் வாசிப்பை அவர்களுக்கு விடுங்கள். பெரும்பாலும் புத்தகம் இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.